பேட்டரி இரண்டு என்றால் வேலையும் இரண்டு



விசைப்படகில் இரண்டு பேட்டரியையும் ஒன்றாகக் கட்டினால் பலம் கூடும் என்று கரையில் பலரும் சொல்கிறார்கள். பலம் கூடும்தான், ஆனால் அவசரத்துக்கு மாற்று இருக்காது. அப்படிக் கட்டிய இரண்டும் ஒரே பேட்டரிதான்.

இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் ஓடினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். விடிந்தால் செல்ஃப் எடுக்காது. ஆளைக் கூப்பிட வயர்லெஸ்ஸும் இருக்காது. நடுக்கடலில் யாரைத் தள்ளச் சொல்வீர்கள்? ராமேஸ்வரம் பக்கமானால் நீரோட்டம் படகை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விடும்.

செல்ஃபுக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் இன்னொன்று. நடுவில் ஒரு தானியங்கி ரிலே. எஞ்சின் ஓடி சுமார் 13.3 வோல்ட் வந்ததும் இரண்டையும் இணைத்து சார்ஜ் ஏற்றும்; 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். ஓய்வில் இருக்கும் ஈய பேட்டரி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே இறக்காதீர்கள். லித்தியம் வாங்கினால் ஈயத்தோடு நேராகக் கட்டாதீர்கள். இடையில் அதற்கான டிசி சார்ஜர் வேண்டும்.

"இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்பது பதில் அல்ல. "செலவு" என்பதும் பதில் அல்ல. ஒருமுறை கடலுக்குப் போக அடிக்கும் டீசல் காசில் ரிலே விலை ஒரு சிறு பங்குதான்.

படகு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை கடலுக்குப் போகும் முன் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டையும் நேராக இணைத்திருந்தால், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிரித்துவிடுங்கள். கரையில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.