கன்னிக்கு எந்த வால்?

மட்டக்களப்பு வாவியின் அடையாளமாக நாம் வடிக்கும் கடற்கன்னிக்குச் செதில் மூடிய மீன்வாலை வைக்கிறோம். அந்த வால் அவளுக்குப் பொருந்தாது. மீன் தன் வாலை இடம் வலமாக அடித்து நீந்தும். மனித முதுகெலும்போ முன்னும் பின்னும் வளையப் பழகியது. பாலூட்டும் மார்பும் மனித முதுகும் உள்ளவள் என்றால், மன்னார்க் கடலின் கடற்பசுவைப் போல அவளுக்கும் மேலும் கீழும் அடிக்கும் கிடைவால்தான் இருக்க வேண்டும். செதில் இராது. நுரையீரல் இருப்பதால் மூச்சுக்கு அடிக்கடி மேலே வந்தாக வேண்டும்.

கடல் மனித உடலை மாற்றாமலும் இல்லை. தென்கிழக்காசியாவில் மூச்சடக்கி மூழ்கும் பஜாவு மக்களின் மண்ணீரல், அயலில் வாழும் சாலுவான் மக்களுடையதைவிட ஏறத்தாழ 50 சதவீதம் பெரியது என 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்த செங்குருதிக் கலங்களை இரத்தத்துக்குள் விடும். கற்பனைக் கன்னியைவிட இதுவே எனக்குப் பெரிய அதிசயம்.

வாவியின் அடியிலிருந்து கேட்பதாகச் சொல்லப்படும் பாட்டையும் அவள் தலையில் கட்ட வேண்டாம். 1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இங்கே படகிலிருந்து அந்த ஒலியைக் கேட்டபோது, ஊரி என்னும் நீர்நத்தைதான் பாடுகிறது என்றார்கள் மீனவர்கள். பாடுவது ஊரியா, பலரும் சொல்வதுபோல மீனா? அதைக் கண்டறிய, பக்கத்தில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் நிலாக்கால இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் நீரொலிவாங்கிகளை இறக்கி, ஆண்டு முழுவதும் பதிவு செய்யட்டும்.