குழந்தையின்மைச் சிகிச்சையும் ஊழியர் உரிமையும்

எட்டாவது ஊதியக் குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டுவிட்டது. குறைந்தபட்ச ஊதியம், அகவிலைப்படி, பழைய ஓய்வூதியத் திட்டம் ஆகியவை ஒன்றிய அரசு ஊழியர்களிடையே முழு வீச்சில் விவாதிக்கப்படுகின்றன. மருத்துவ வசதி குறித்த பகுதி வழக்கம்போல் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் நிற்கிறது. அந்தப் பகுதியிலும் குழந்தையின்மைக்கான சிகிச்சை இடம்பெறுவது அரிது. இது தனிப்பட்ட குடும்பங்களின் துயரம், தொழிற்சங்க மேடைக்கு உரியதல்ல என்ற எண்ணம் ஊழியர்களிடமும் தலைவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. இந்த எண்ணம் மாற வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

குழந்தையின்மையை உலக சுகாதார அமைப்பு ஒரு நோயாகவே வரையறுக்கிறது. வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இதற்கு ஆளாகிறார் என்பது அந்த அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு. பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

இந்தியாவில் ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு இந்தச் சிகிச்சைக்கான வாசல் முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. 2011 நவம்பரில் சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகள், ஒன்றிய அரசு சுகாதாரத் திட்டத்தின் பயனாளிகளும் 1944ஆம் ஆண்டு மருத்துவ உதவி விதிகளின் கீழ் வருவோரும் ஐவிஎஃப் எனப்படும் செயற்கைக் கருத்தரிப்புச் செலவைத் திரும்பப் பெற வழிசெய்தன. ஒரு சுழற்சிக்கு அதிகபட்சம் 65,000 ரூபாய், வாழ்நாளில் மூன்று சுழற்சிகள். மருந்து, ஊசி, கண்காணிப்புச் செலவு அனைத்தும் இந்தத் தொகைக்குள் அடக்கம். பெண்ணின் வயது 21 முதல் 39க்குள் இருக்க வேண்டும். அவர் மணமாகிக் கணவருடன் வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தை எதுவும் உயிருடன் இருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவத் துறைத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும்.

குழந்தையின்மைச் சிகிச்சையும் மருத்துவ உரிமையே என்று அரசு ஒப்புக்கொண்ட ஆவணம் என்ற வகையில் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த உரிமை எவ்வளவு குறுகலாக அளந்து தரப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் மையங்களில் ஒரு சுழற்சியின் செலவு ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டுவது இன்று சாதாரணம். முதல் முயற்சியிலேயே கருத்தரிப்பவர்களைவிடக் கருத்தரிக்காதவர்களே அதிகம். மேலும் இது செலவைத் திரும்பப் பெறும் முறை. முதலில் ஊழியர் தம் கையிலிருந்து கட்ட வேண்டும், பின்னர் ரசீதுகளோடு அலுவலகம் அலுவலகமாகக் காத்திருக்க வேண்டும். ஏழாவது ஊதியக் குழு நிர்ணயித்த கடைநிலை அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். ஒன்றரை லட்சம் என்பது அந்த ஊழியரின் எட்டு மாத அடிப்படை ஊதியத்துக்கும் மேல். உயர் அதிகாரிக்கும் பன்முகப் பணியாளருக்கும் விதி ஒன்றுதான். அதைப் பயன்படுத்த முடிந்தவர் யார் என்பதை வங்கிக் கணக்கே தீர்மானிக்கிறது. நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கிச் சிகிச்சையைத் தொடங்கும் குடும்பம் இரண்டாவது சுழற்சிக்கு வருவதே இல்லை.

சட்டம் ஒரு பக்கமும் விதி இன்னொரு பக்கமும் இழுப்பது அடுத்த சிக்கல். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு இச்சிகிச்சையை அனுமதிக்கிறது. மணமாகாத பெண்ணும், கணவரை இழந்த பெண்ணும், மணமுறிவு பெற்ற பெண்ணும் அந்தச் சட்டத்தின்படி சிகிச்சை பெறத் தகுதியுள்ளவர்களே. ஆனால் 2011ஆம் ஆண்டு நெறிமுறையோ கணவருடன் வாழும் பெண்ணை மட்டுமே அறிந்திருக்கிறது. நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட உரிமையை அலுவலக நெறிமுறை மறுக்கலாமா? இனப்பெருக்கம் குறித்து முடிவெடுக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த உரிமைக்குத் தாலிச் சான்றிதழ் கேட்பது பிற்போக்கான பார்வை. திருநர்களும் ஒருபால் இணையரும் சட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை. பிரான்ஸ் 2021இல் தன் சட்டத்தைத் திருத்தித் தனித்து வாழும் பெண்களுக்கும் பெண் இணையருக்கும் இச்சிகிச்சையைத் திறந்துவிட்டது. செலவையும் பொதுக் காப்பீடே ஏற்கிறது.

குறைபாடுகள் இருந்தும், அரசே நேரடியாகப் பொறுப்பேற்கும் ஏற்பாடு என்பதால்தான் மேற்கண்ட உரிமையாவது மிஞ்சியிருக்கிறது. அதற்கும் ஆபத்து காத்திருக்கிறது. 2015இல் அறிக்கை அளித்த ஏழாவது ஊதியக் குழு, ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவர வலியுறுத்தியது. எட்டாவது ஊதியக் குழுவின் காலத்தில் இந்தப் பேச்சு மீண்டும் எழும். ‘எந்த ஊரிலும் பணமில்லாச் சிகிச்சை’ என்ற கவர்ச்சியான பெயரில் அது வரும்.

காப்பீட்டுச் சந்தை குழந்தையின்மையை எப்படி நடத்துகிறது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் தரப்படுத்திய விலக்குகளின் பட்டியலில் 17ஆவது இடத்தில் இருப்பது மலட்டுத்தன்மையும் குழந்தையின்மையும். ஐவிஎஃப் உள்ளிட்ட கருத்தரிப்பு உதவிச் சிகிச்சைகள் அதில் பெயர் குறிப்பிட்டே விலக்கப்பட்டுள்ளன. சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கான காத்திருப்புக் காலம் விதித்து, சிறு தொகையை வழங்குகின்றன. வயது ஏற ஏற வெற்றிவாய்ப்பு குறையும் ஒரு சிகிச்சையில் காத்திருப்புக் காலம் என்பது மறுப்புக்கு இன்னொரு பெயர். உலகின் மிகப் பெரிய காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்றிய அரசு விளம்பரப்படுத்தும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் குழந்தைப்பேறு தொடர்பான சிகிச்சைகளுக்கு இடமில்லை. பொதுச் சுகாதார ஏற்பாட்டைக் கலைத்துவிட்டுக் காப்பீட்டு அட்டையைக் கையில் கொடுத்தால் ஊழியர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதற்கு இவையே விடை.

இந்தத் தொழில்நுட்பம் கார்ப்பரேட் மருத்துவமனைகளின் சொத்தல்ல என்பதை வரலாறு சொல்கிறது. அறிவியல் முறைப்படி பதிவு செய்யப்பட்ட இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பிறந்தது. அது மாநகராட்சி நடத்தும் மருத்துவமனை. அந்த ஆய்வில் பங்கேற்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம். மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமாரும் மக்கள் வரிப்பணத்தில் இயங்கிய நிறுவனங்களில் நின்றே இந்தச் சாதனையைச் செய்தனர்.

அதற்கும் முன்பே, 1978 அக்டோபரில், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில், கொல்கத்தாவின் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி இதைச் சாதித்திருந்தார். மாநில அரசு அமைத்த குழு அவரது கூற்றை ஏற்க மறுத்தது. அவர் தம் ஆய்வுக்குத் தொடர்பில்லாத கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று அங்கே ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. இந்த உண்மையை இடதுசாரிகள் மறைக்க வேண்டியதில்லை. அறிவியலாளரின் குரலை அதிகார வர்க்கத்தின் கோப்பு நெரிக்கும்போது ஆட்சியில் இருப்பவர் விழிப்பாக இராவிட்டால் என்ன நேரும் என்பதற்கான கசப்பான பாடம் அது. பின்னாளில் அவருடைய பணிக்குறிப்புகளை ஆய்ந்து, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று அறிவித்தவர் ஆனந்த்குமார்.

பொது நிறுவனங்களில் பிறந்த இந்த அறிவு அடுத்த நாற்பது ஆண்டுகளில் பெருநகரங்களின் சங்கிலித் தொடர் மையங்களுக்குக் கைமாறியது. அரசு மருத்துவமனைகளில் ஐவிஎஃப் வசதி விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்துக்குச் செலவிடுவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, பெருந்தொற்றுக் காலத்திலும்கூட அரசுகளின் செலவு 1.84 சதவீதம்தான். மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து கட்டினர்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தே இல்லாத நாட்டில் ஐவிஎஃப் ஒரு ஆடம்பரமல்லவா என்ற கேள்வியைத் தோழர்கள் சிலரே எழுப்பக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அது இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது. இந்தியாவில் பெண்களின் குழந்தையின்மைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர்கள். கவனிக்கப்படாத தொற்றுகளும், பாதுகாப்பற்ற கருக்கலைப்பும் கருக்குழாய்களை அடைத்துவிடுகின்றன. உலைக்கூடங்களின் வெப்பமும், ஈயமும், சில பூச்சிக்கொல்லிகளும் ஆண்களின் விந்தணுக்களைப் பாதிக்கின்றன. ஆகவே இது வறுமையோடும் பணியிடத்தோடும் பிணைந்த நோய். நல்ல ஆரம்ப சுகாதார நிலையம் குழந்தையின்மையைத் தடுக்கும் முதல் அரண். அதையும் தாண்டி நோய் வந்தவருக்கு உயர் சிகிச்சை வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் ஆடம்பரம் என்று எந்தத் தோழரும் சொல்வதில்லை.

தாய்மையே பெண்ணின் நிறைவு என்ற ஆணாதிக்கக் கருத்துக்கு இந்தக் கோரிக்கை துணைபோகாதா என்பது மாதர் இயக்கத்திலிருந்து எழும் கேள்வி. குழந்தையில்லாத பெண்ணை மங்கல நிகழ்வுகளிலிருந்து ஒதுக்கும், மறுமணத்துக்கு ஆணைத் தூண்டும் சமூகம் இது. ஏறத்தாழ பாதி இணையர்களிடம் குறைபாடு ஆணிடமும் இருக்கிறது என்ற மருத்துவ உண்மை வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. பரிசோதனைக்கு முதலில் அனுப்பப்படுபவர் பெண்தான், ஊசிகளைத் தாங்குவதும் அவர் உடல்தான். இச்சிகிச்சை பொதுத் துறையில் இருந்தால் இருவருக்கும் பரிசோதனை, முறையான ஆலோசனை, வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ளும் உரிமை ஆகியவற்றை வலியுறுத்த முடியும். சந்தையின் கையில் விட்டால், அந்தப் பெண்ணின் மீதான சமூக அழுத்தமே மருத்துவமனையின் விளம்பர முதலீடாகிவிடும். குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமையும், வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள்.

இந்திய அரசு இந்த இரு பக்கங்களையும் மதித்ததில்லை. அவசரநிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஆள் பிடித்துத் தரும் இலக்குகளுக்கு உள்ளாக்கப்பட்டனர். இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவருக்கு அரசு வேலை கிடையாது என்ற விதி ராஜஸ்தானிலும் அசாமிலும் இருக்கிறது. சிக்கிமில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. கருவள விகிதம் 1.1 ஆகச் சரிந்த அந்த மாநிலத்தின் முதல்வர், 2023 ஜனவரியில், இரண்டாவது, மூன்றாவது குழந்தை பெறும் அரசு ஊழியர்களுக்குக் கூடுதல் ஊதிய உயர்வும், ஐவிஎஃப் சிகிச்சைக்கு 3 லட்சம் ரூபாய் உதவியும் அறிவித்தார். உதவி வரவேற்கத்தக்கதே. ஆனால் பெண்ணின் கருப்பையை மக்கள்தொகைக் கணக்கின் கருவியாகப் பார்க்கும் பார்வை இரு இடங்களிலும் ஒன்றுதான். எண்ணிக்கை தேவைப்படும்போது திறந்து, தேவையில்லாதபோது மூடும் கதவுக்கு உரிமை என்று பெயரில்லை.

இந்தக் கோரிக்கையை நிரந்தர ஊழியர்களோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஒப்பந்த முறையில் உழைப்பவருக்கு ஒன்றிய அரசு சுகாதாரத் திட்டம் எட்டாக்கனி. கருவுற்ற பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷா பெண்களை அரசு ஊழியர் என்றே ஏற்கவில்லை, ‘தன்னார்வலர்’ என்கிறது. 2022 மே மாதம் உலக சுகாதார அமைப்பு விருதளித்துப் பாராட்டிய அந்தப் பெண்களில் ஒருவருக்குக் குழந்தையில்லை என்றால், தாம் பணிபுரியும் பொதுச் சுகாதார அமைப்பே அவருக்குக் கைவிரிக்கும். கருமுட்டை தானம் தரும் ஏழைப் பெண்களையும் மறக்கலாகாது. வாழ்நாளில் ஒரு முறை, ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது, ஓராண்டுக் காப்பீடு தர வேண்டும் என்கிறது சட்டம். கண்காணிப்பு இல்லாத இடத்தில் சட்டம் காகிதமே. ஒரு உழைக்கும் பெண்ணின் தாய்மைக்காக இன்னொரு உழைக்கும் பெண்ணின் உடல் சுரண்டப்படக் கூடாது.

எட்டாவது ஊதியக் குழுவின் முன்னும், வீதியிலும் தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஒன்றிய அரசு சுகாதாரத் திட்டத்தைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் எந்த ஏற்பாட்டையும் நிராகரிக்க வேண்டும். ஐவிஎஃப் செலவின் உச்சவரம்பு உண்மையான செலவோடு இணைக்கப்பட வேண்டும். ஊழியர் முன்பணம் கட்டாத முறை வேண்டும். வயது, மண நிலை குறித்த நிபந்தனைகள் 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும். சிகிச்சை நாட்களுக்கு ஆண், பெண் இருவருக்கும் ஊதியத்துடன் கூடிய தனி விடுப்பு வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் குழந்தையின்மைப் பிரிவும், அரசு மருத்துவக் கல்லூரிகளில் கட்டணமில்லா ஐவிஎஃப் மையமும் அமைக்கப்பட வேண்டும். ஒப்பந்தப் பணியாளரும் திட்டப் பணியாளரும் இவை அனைத்துக்கும் உரியவராக்கப்பட வேண்டும்.

பேறுகால விடுப்பும், பணியிடக் குழந்தைக் காப்பகமும் ஒரு காலத்தில் ‘பெண்களின் சொந்தப் பிரச்சனை’ என்றே ஒதுக்கப்பட்டன. உழைக்கும் பெண்கள் சங்கங்களில் சேர்ந்து போராடிய பிறகே அவை சட்டமாயின. குழந்தையின்மையின் துயரத்தை வீட்டின் இருட்டறையில் தனியாகச் சுமக்கும் ஊழியரை இன்று சங்கம்தான் முதலில் தேடிச் செல்ல வேண்டும். அவர் நாளை சங்கத்தின் முன்வரிசையில் நிற்பார்.