வந்து போகும் பழுது



ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால் அதன் பழுதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. ஆனால், சில நேரம் எரிந்து, சில நேரம் எரியாமல் போகும் விளக்கை என்ன செய்வது? நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒரு தட்டுத் தட்டுகிறோம். விளக்கு எரிகிறது. “சரியாகிவிட்டது” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம்.

இது தவறு என்பது என் கருத்து. காரணம் தெரியாமல் மறைந்த பழுது மீண்டும் வரும். எப்போது வரும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியாது.

வீட்டு டார்ச் விளக்கில் இப்படி நேர்ந்தால் பெரிய நட்டம் இல்லை. காரின் பின்புறத்து பிரேக் விளக்கில் நேர்ந்தால்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் ஓடிவிடும். முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கைக் கண்டுதான் பின்னால் வருபவர் பிரேக்கை மிதிக்கிறார். அந்த ஒரு விநாடியில் விளக்கு எரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது என் பெரியப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் இடப்புற பிரேக் விளக்கு சில நாள் எரியும். சில நாள் எரியாது. மழை பெய்த மறுநாளும், மேடு பள்ளமான சாலையில் போகும்போதும் தொல்லை அதிகம். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பிரேக்கை மிதித்தால், போடாத இடப்புற இண்டிகேட்டர் மங்கலாக மினுக்கும்!

பெரியப்பா முதலில் பல்பை மாற்றினார். பிறகு பிரேக் மிதிக்கு மேலே உள்ள சுவிட்சை மாற்றினார். பிறகு இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பிளாஷரையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஒழுங்காக எரியும். மூன்றாம் நாள் பழைய கதைதான். கடைசியில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் போனோம். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி போய்விடுமே, அதுபோல அங்கே விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெரியப்பா புறப்படத் தயாராகிவிட்டார்.

“இப்போ எரியுது சார், சரி. நேத்து ஏன் எரியல? அது தெரியாம வண்டியை எடுத்துட்டுப் போகாதீங்க” என்றார் அந்த எலக்ட்ரீஷியன்.

அவர் உடனே கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. கேள்விகள் கேட்டார். மழைக்குப் பிறகா? குலுங்கும்போதா? ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? வேறு எந்த விளக்காவது சேர்ந்து மினுக்குகிறதா? பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இரு” என்றார். டிக்கியைத் திறந்து ஒவ்வொரு வயராக மெல்ல அசைத்தார். ஒரு வயரைத் தொட்டதும் விளக்கு அணைந்தது. அது பல்புக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர் அன்று. மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியான ‘எர்த்’ வயர்! அதை வண்டியின் தகட்டோடு பிணைத்திருந்த திருகாணியைச் சுற்றித் துருப் பிடித்திருந்தது.

இங்கேதான் நம் பாடப் புத்தகம் உயிர் பெறுகிறது. காரில் விளக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர்கள் முழுத் தூரமும் ஓடுவதில்லை. பெரும்பாலும் இரும்பு உடலே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. அந்தக் காரில் ஒரு பக்கத்துப் பின்விளக்குகள் எல்லாவற்றுக்கும் எர்த் ஒன்றுதான். அது துண்டித்துப் போனால் மின்னோட்டம் வேறு வழி தேடும். பிரேக் பல்பின் இழை வழியாக வந்த மின்னோட்டம் பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் பின்புறமாகப் புகுந்து, அதன் வயர் வழியே முன்பக்க இண்டிகேட்டரை அடைந்து, அங்குள்ள நல்ல எர்த்தில் இறங்கிவிடும். பல்புகள் தொடரிணைப்பில் அமைவதால் 12 வோல்ட்டும் பங்கு பிரிந்து போகும். பிரேக் விளக்கு சரியாக எரியாது. இண்டிகேட்டர் மட்டும் மினுக்கும். பெரியப்பா மாற்றிய மூன்று பொருள்களும் நல்ல பொருள்களே!

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரேக் பல்பு பொதுவாக 21 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். துருப் பிடித்த இணைப்பில் ஒரே ஓம் தடை இருந்தாலும் 1.5 வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். பல்பின் ஒளி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஆனால் பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரில் மீட்டரை வைத்து அளந்தால் முழு 12 வோல்ட் காட்டும்! காரணம், டிஜிட்டல் மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. மின்னோட்டம் இல்லாதபோது அந்தத் தடையில் இழப்பும் இல்லை. ஆகவே, விளக்கு எரிய முயலும்போதே அளக்க வேண்டும். V = IR என்பதை மனப்பாடம் செய்தவர்கள்கூட இதில் ஏமாந்து போவதுண்டு.

எலக்ட்ரீஷியன் திருகாணியைக் கழற்றி, தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். விளக்கு எரிந்தது. பிறகு அவர் செய்ததுதான் என்னை வியக்க வைத்தது. இறுக்கிய திருகாணியை மறுபடியும் தளர்த்தினார். விளக்கு அணைந்தது, இண்டிகேட்டர் மினுக்கியது. இறுக்கினார், எல்லாம் ஒழுங்காயிற்று. பழுதை வேண்டும்போது வரவழைத்து, வேண்டும்போது போக்கிக் காட்டினார். காரணம் இதுதான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

அவர் ஆய்வுக் கூடத்தில் படித்தவர் அல்லர். ஆனால் அவர் கையாண்டது அறிவியல் முறையேதான். எப்போது நிகழ்கிறது என்று குறித்துக்கொள்ளுதல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், ஊகத்தைச் சோதித்தல், நிகழ்ச்சியை மீண்டும் நிகழ்த்திக் காட்டுதல். படித்தவரான என் பெரியப்பா செய்தது வெறும் ஊகம். அதற்கு அவர் மூன்று பொருள்களின் விலையைக் கொடுத்தார்.

“இப்போதுள்ள கார்களில் எல்.இ.டி. விளக்குகளும் கணிப்பொறியும் வந்துவிட்டனவே, பழுதை அதுவே சொல்லிவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். எந்த விளக்கின் சுற்றில் கோளாறு என்பதை வேண்டுமானால் அது சொல்லும். எந்தத் திருகாணியில் துரு, எந்த இடத்தில் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கிறது என்பதை மனிதன்தான் தேட வேண்டும். துரு, அதிர்வு, ஈரம் ஆகிய மூன்றும் எந்தப் புதுக் காரையும் விட்டுவைப்பதில்லை.

இப்போது என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளி ஆய்வுக் கூடங்களில் நல்ல மின்கலமும், நல்ல கம்பியும், முன்பே தெரிந்த விடையும் தருகிறார்கள். பழுதான ஒரு சுற்றைக் கொடுத்து, “இது ஏன் சில நேரம் மட்டும் வேலை செய்கிறது? கண்டுபிடி” என்று கேட்பது அரிது. செய்முறைத் தேர்வில் இப்படி ஒரு கேள்வியேனும் இடம்பெற வேண்டும் என்பேன். செலவு ஒன்றும் அதிகமில்லை. இரண்டு டார்ச் பல்புகள், இரண்டு மின்கலங்கள், ஒரு துருப் பிடித்த ஆணி போதும். உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அல்லது நீங்களே ஒரு பழுதை ஒளித்து வைத்து நண்பனிடம் கொடுங்கள். வீட்டு மின்சாரத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து.

இன்று மாலையே ஒரு சிறு வேலை செய்யலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால், நின்றிருக்கும் அந்த வண்டியில் பெரியவர் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பின்புறத்தைப் பாருங்கள். ஓட்டுநருக்குத் தம் பிரேக் விளக்கு தெரியாது. ஒன்று மங்கலாக எரிந்தாலோ, வேறொன்று சேர்ந்து மினுக்கினாலோ உடனே சொல்லுங்கள். “நேற்று நன்றாகத்தானே எரிந்தது?” என்று அவர் கேட்டால், “அப்படியானால் இன்று ஏன் எரியவில்லை?” என்று பணிவோடு திருப்பிக் கேளுங்கள்.