கறிக்கோழி ஏன் உமியைக் கொத்துகிறது?

திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றம் என்றதும் நினைவுக்கு வருவது அரிசி ஆலைகள். அரிசி மூட்டை கடைக்குப் போய்விடும். மிஞ்சும் குருணை, தவிடு, உமி மூன்றுமே கோழிப் பண்ணைக்குப் பயன்படும். ஆனால், கோழியின் வயிறு மூன்றையும் ஒன்றுபோல ஏற்காது.

கறிக்கோழி வளர்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செலவு தீவனத்துக்கே. அதில் பெரும்பங்கு மக்காச்சோளம். எத்தனால் ஆலைகளும் போட்டிக்கு வந்தபிறகு அதன் விலை ஏற, 2024-ல் இந்தியா மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. 'மலிவாக வேறு தானியம் போட்டால் என்ன?' என்ற கேள்வி வருவது இயல்புதானே!

போடலாம். ஆனால், எல்லாவற்றையும் அல்ல. கோதுமையிலும் பார்லியிலும் நீரில் கரையும் நார் அதிகம். அது குடலுக்குள் கஞ்சிபோலக் கொழகொழத்து, செரிமான நொதிகளைத் தீவனத்தோடு கலக்கவிடாது. சத்து உடலில் ஒட்டாது, எச்சம் பிசுபிசுக்கும். தரையில் பரப்பிய கூளம் ஈரமாகி, அம்மோனியா நெடி கிளம்பும். கோழிக்குக் கால் புண்ணாகும். அதனால்தான் இந்தத் தானியங்களோடு, நாரை உடைக்கும் 'சைலனேஸ்' போன்ற நொதிகளைச் சேர்க்கிறார்கள்.

குருணையில் இந்தத் தொல்லை இல்லை, சுலபமாகச் செரிக்கும். மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறமி மட்டும் அதில் கிடையாது. கோழித்தோல் வெளுத்திருந்தால் வாங்குபவர் முகம் சுளிக்கலாம். சத்தில் குறை இல்லை. கம்பும் நல்ல மாற்று, புரதம் மக்காச்சோளத்தைவிடச் சற்று அதிகம். தவிட்டை அளவோடுதான் சேர்க்க வேண்டும். அதிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதியைக் கோழியால் அப்படியே பிரித்தெடுக்க முடியாது. வெயிலில் சீக்கிரம் காறிப்போகும் வேறு.

உமி? அதில் சத்து என்று பெரிதாக எதுவுமில்லை. ஆனாலும் தரையில் பரப்பிய உமியைக் கோழி கொத்தித் தின்னும். பல் இல்லாத கோழிக்கு அரைவைப்பைதான் அம்மி. கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துத் தருகிறார்களே, அந்தக் கெட்டிச் சதைதான் அது. மாவாக அரைத்த தீவனமே கிடைத்தால், வேலையில்லாமல் அது சிறுத்துவிடும். கரையாத முரட்டு நார் 2, 3 சதவிகிதம் சேர்ந்தால் அரைவைப்பை பலப்படும். தீவனம் அங்கே கூடுதல் நேரம் தங்கி, அமிலத்தோடு நன்கு கலக்கும். அளவு மீறினால் எரிசக்தி குறைந்து, எடையும் குறையும்.

ஒப்பந்தப் பண்ணைகளில் குஞ்சும் தீவனமும் கம்பெனி தருவது. பண்ணையாளருக்கு வளர்ப்புக் கூலி. தீவனக் கலவையில் அவர் கைவைக்க முடியாது. ஆனால் புதுத் தீவனம் இறங்கிய சில நாள்களில் கூளம் ஈரமானால், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று முதலில் பார்க்கலாம். ஒழுகவில்லையென்றால் தாமதிக்காமல் கம்பெனி மேற்பார்வையாளரிடமும் கால்நடை மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். எடை குறைந்தால் கூலியும் குறையும்.