இரத்த வாந்தியும் எமது கடமையும்

இரத்தமாக வாந்தி எடுத்தவர் பிழைப்பதில்லை என்னும் எண்ணம் எம்மவர் மனத்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஒரு காலத்தில் அது முற்றிலும் பொய்யாக இருந்ததுமில்லை. ஈரல் நோயினால் இரத்த வாந்தி எடுத்துப் பாரிஸ் நகர வைத்தியசாலை ஒன்றிற் சேர்க்கப்பட்டவர்களுள், 1980 ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் அங்கேயே இறந்தனர். 2000 ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு 15 அளவிற் சுருங்கியது. நோய் மாறவில்லை, சிகிச்சை மாறியது. ஆயினும் அச்சிகிச்சை நோயாளியைத் தேடி வீட்டுக்கு வருவதில்லை; நோயாளியே அதனிடம் விரைந்து செல்லல் வேண்டும். இவ்வாரம் இதுபற்றிச் சிறிது கூறுவோம். நாம் ஆசிரியரேயன்றி வைத்தியரல்லோம். எனினும் வைத்திய நூல்கள் கூறுவதை வீட்டார்க்கு விளங்கும் வண்ணம் எடுத்துரைத்தல் ஆசிரியர்க்கும் உரிய பணியே.

செட்டிபாளையத்தில் வாழ்வோர்க்கு இந்நோயின் இயல்பை விளக்குதல் எளிது. எமக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. மாரியிலே மேற்கிலிருந்து வரும் வெள்ளமெல்லாம் வாவியிற் சேர்ந்து, முகத்துவாரம் வழியாகக் கடலை அடைகின்றது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் என்ன நிகழும்? வாவி மட்டம் உயரும். தாழ்ந்த வயல்களில் நீர் ஏறும். வலுவற்ற வரம்பு எங்குள்ளதோ அங்கே உடைப்பெடுக்கும்.

எமது உடலிலும் இத்தகையதோர் ஒழுங்கு உண்டு. இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் குருதி, ஈரல் வாயினாளம் என்னும் பெருவழியால் ஈரலுக்குட் சென்று, அதனைக் கடந்தே இதயத்தை அடைகின்றது. ஈரல் தழும்பேறி இறுகிவிட்டால் அவ்வழி அடைபடுகின்றது. அப்போது குருதி வேறு வழி தேடி, உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய நாளங்களுட் புகுகின்றது. அவை வீங்கிப் புடைக்கின்றன. ஈரலின் இருபுறத்துக்கும் இடையேயுள்ள அமுக்க வேறுபாடு சாதாரணமாக 5 இரச மில்லிமீற்றருக்கு மேற்படாது. 10 அளவை எட்டும்போது இந்நாளங்கள் வீங்கத் தொடங்கும். 12 ஐத் தாண்டினால் உடையும் அபாயம் உண்டு. அதுவரை நோவும் இல்லை, அறிகுறியும் இல்லை. இந்நோயின் கொடுமையே இதுதான்.

ஈரல் இறுகுதற்கு மதுவும் கசிப்பும் பெருங்காரணங்கள் என்பதை யாவரும் அறிவர். ஆயின் அவை மாத்திரமே காரணம் என்று கொள்ளுதல் தவறு. ஈரலழற்சி பீ, சீ என்னும் வைரசுகளாலும் இது வரும். நீரிழிவும் உடற்பருமனும் உடையோர்க்கு ஈரலிற் கொழுப்புப் படிந்து, ஆண்டுகள் செல்ல அதுவும் இறுக்கமாக முடியலாம். எமது நாட்டில் ராகமையில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, நடுவயதினருள் மூவரில் ஒருவர்க்கு இத்தகைய கொழுப்பு இருந்ததாகக் காட்டியது. ஈரலிற் குறையேதுமின்றி, வாயினாளத்திற் குருதி உறைந்து அடைபட்டமையால் இரத்த வாந்தி எடுக்கும் சிறுவரும் உளர். ஆதலின் இரத்தம் கக்கியவர் எல்லாரையும் குடிகாரர் என்று ஊர் பேசுவது அநீதியாகும். குடித்தவரே ஆயினும், அதனை மறைத்து வீட்டில் வைத்திருப்பதனால் மானமும் காக்கப்படாது, உயிரும் காக்கப்படாது.

இனி, சிகிச்சை வளர்ந்த வரலாற்றைப் பார்ப்போம். 1939 இல் சுவீடன் நாட்டு வைத்தியர்களான கிராபூர்டும் பிரெங்னரும் குழாய்வழியே நோக்கி, வீங்கிய நாளத்தில் மருந்தேற்றி அதனைச் சுருங்கச் செய்தனர். 1950 இல் நியூயோர்க்கில் செங்ஸ்ரேக்கன், பிளேக்மோர் என்னும் இருவர், காற்றூதும் பைகளையுடைய இறப்பர்க் குழாயொன்றை உள்ளே செலுத்தி, உடைந்த நாளத்தை அமுக்கிப் பிடிக்கும் முறையை வெளியிட்டனர். வேறெதனாலும் பெருக்கு நில்லாதபோது, ஒரு நாளளவு தாக்குப்பிடிக்க அக்குழாய் இன்றும் உதவுகின்றது. 1980களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஸ்ரீக்மன் என்னும் சத்திரவைத்தியர், மூலநோய்க்கு இறப்பர் வளையமிடும் பழைய முறையை உணவுக்குழாய்க்கு ஏற்றதாக்கினார். உள்நோக்குக் கருவியின் நுனியால் வீங்கிய நாளத்தை உறிஞ்சி, அதன் அடியில் சிறு வளையமொன்றை மாட்டிவிடுகின்றனர். இதுவே இன்று உணவுக்குழாய் நாளங்களுக்கு முதன்மையான சிகிச்சை. இரைப்பையிலுள்ள பெரு நாளங்கள் வளையத்துக்கு அடங்குவது அரிது. அவற்றுள் உடனே இறுகும் பசை மருந்தை ஏற்றி அடைப்பர். இவற்றாலும் நில்லாதவிடத்து, ஈரலினூடே உலோகவலைக் குழாயொன்றை வைத்துக் குருதிக்கு நேர்வழி திறந்துவிடுவதும் உண்டு. முகத்துவாரம் வெட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம். எனினும் எல்லா வைத்தியசாலைகளிலும் இதற்கு வசதியில்லை.

வைத்தியசாலையை அடைந்தவுடன் வளையமிடுவார்கள் என்று எண்ணுதல் கூடாது. முதலிற் சுவாச வழியைக் காத்து, நாளவழியே திரவமும் வேண்டிய அளவு குருதியும் ஏற்றுவர். வயிற்றுப் பகுதிக்குக் குருதி வரவைக் குறைக்கும் ரேலிபிரசின் அல்லது ஒக்ரியோரைட் என்னும் மருந்தையும், தொற்றைத் தடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியையும் தாமதமின்றித் தொடங்குவர். நோயாளியின் நிலை சீரானபின், வந்து 12 மணி நேரத்துக்குள் உள்நோக்கிப் பார்த்து, உடைந்த நாளத்தைக் கட்டுவர். இரத்த வாந்தி பெரும்பாலும் இரைப்பைப் புண்ணினாலும் வருவதுண்டாதலின், காரணம் இன்னதென்று உள்ளே பார்த்தபின்னரே துணிதல் இயலும்.

ஈண்டு உறவினர் பலர் மனங்கலங்கும் ஒன்றையும் சொல்லுதல் வேண்டும். "இவ்வளவு இரத்தம் போயிற்றே, ஏன் இன்னும் இரண்டு பைகள் ஏற்றவில்லை?" என்று வைத்தியரோடு வாதிடுவோர் உளர். 2013 இல் பார்சலோனா வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வு, குருதியிலுள்ள ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 7 கிராமுக்குக் கீழ் இறங்கிய பின்னரே குருதி ஏற்றப்பெற்றவர்கள், தாராளமாக ஏற்றப்பெற்றவர்களிலும் மிகுதியாகப் பிழைத்தனர் என்று காட்டியது. நிரம்பிய வாவியில் மேலும் மழை பொழிந்தால் உடைத்த வரம்பே மறுபடியும் உடைக்குமன்றோ? அளவோடு ஏற்றுதல் அலட்சியமன்று, அறிவே.

இத்தனையும் பயன்படுவது நேரத்தோடு சென்றவர்க்கே. படுவான்கரையிலிருந்து நோயாளியை எழுவான்கரைக்குக் கொண்டுவர மண்முனையிற் பாதைப்படகுக்குக் காத்திருந்த காலம் 2014 இல் பாலம் திறக்கப்பட்டதோடு கழிந்தது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. எமதூர் மக்களுக்குத் தெற்கே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையும், வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் உள்ளன. வழி உண்டு, வாகனமும் உண்டு. விடியட்டும் என்று காத்திருக்கும் எமது வழக்கமே எஞ்சிய தடை.

ஆகவே வீட்டார் மனங்கொள்ள வேண்டியவை சில. இரத்த வாந்தி கண்டாலும், தார் போன்ற கறுத்த, ஒட்டும் மலம் கழிந்தாலும், உடனே 1990 ஐ அழைத்தல் வேண்டும். நோயாளியை ஒருபுறமாகச் சரித்துக் கிடத்துக. உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்க வேண்டாம். சூட்டினால் வந்தது என்று கூறி இளநீரும் கைமருந்தும் கொடுத்துப் பொழுது போக்குதல் ஆகாது. அவர் உட்கொள்ளும் மருந்துகளை எல்லாம் உடன் எடுத்துச் செல்க. மதுப்பழக்கம் இருந்தால் அதனை வைத்தியரிடம் ஒளியாது உரைக்க.

பிழைத்து வந்தபின்னும் கடமை முடிவதில்லை. நாளங்கள் மறையும்வரை சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் வளையமிடுவர். 1980களின் தொடக்கத்தில் பாரிஸ் வைத்தியர் லெப்ரெக்கும் அவர் குழுவினரும், இதயநோய்க்கு வழங்கிய புறொப்ரனலோல் மாத்திரை இந்நாளங்கள் மறுபடி உடைவதைக் குறைக்கும் என்று காட்டினர். அவ்வகை மாத்திரையை வைத்தியர் தந்தால், சுகமாயிற்று என்று இடைநடுவில் நிறுத்தலாகாது. நோவு மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் விழுங்குதல் தீது. மதுவை அறவே விடுதல் வேண்டும். ஈரல் இறுக்கம் உளதென்று அறிந்தோர், இரத்தம் கக்கும்வரை காத்திராது, நாளங்கள் வீங்கியுள்ளனவா என்று முன்னரே சோதித்துக்கொள்ளலாம். 2003 முதல் எமது நாட்டில் குழந்தைகளுக்கு ஈரலழற்சி பீ தடுப்பூசி வழங்கப்படுகின்றது. அதனைத் தவறவிடாதிருத்தல் பெற்றோர் கடன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுநிசியில் ஒருவர் இரத்தம் கக்கி வைத்தியசாலை வாயிலை அடையும்போது, அவருக்கு ஏற்றும் குருதி எந்த ஆலையிலும் செய்யப்படுவதன்று. 2014 முதல் எமது நாட்டின் குருதி வங்கிகள் பணம் பெறாத தன்விருப்பக் கொடையாளரையே முழுவதும் நம்பியுள்ளன. பதினெட்டு வயது நிரம்பி, நல்ல சுகத்தோடு இருப்போர் அடுத்த முறை ஊரிலே இரத்ததான முகாம் நடைபெறும்போது அங்கே செல்வார்களாக. அவர்கள் அன்று கொடுக்கும் ஒரு பை, முகமறியாத ஒருவர் விடியலைக் காண்பதற்கு உதவும்.