வால்வை எங்கே வைப்பது?

"பிரீஆம்பில் வால்வு, பவர் ஆம்பில் டிரான்சிஸ்டர், இரண்டின் நன்மையும் கிடைக்கும்" என்கிறார் நண்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது.

சிடி பிளேயரிலிருந்து வருவதே ஏறக்குறைய 2 வோல்ட். பெரும்பாலான பவர் ஆம்ப்கள் முழுச் சக்தியை எட்ட அதுவே போதும். அங்கே இன்னொரு பெருக்கி எதற்கு? பெருக்கிவிட்டு வால்யூமைக் குறைத்து வைக்கவா? ஒழுங்காக வடிவமைத்த பிரீஆம்பில் வால்வு அந்தச் சின்ன வோல்டேஜில் ஒலியை மாற்றுவதே இல்லை எனலாம். மலிவு ஹைபிரிட் பெட்டிகள் சிலவற்றில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி எரியும். வால்வின் வேலை அங்கே அவ்வளவுதான், அலங்காரம்!

நண்பர் ரசிக்கும் 'வால்வு ஒலி' பெரும்பாலும் பிறப்பது பவர் ஆம்பில். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், குறைவான ஃபீட்பேக், ஓரிரு ஓம் இருக்கும் அவுட்புட் இம்பீடன்ஸ். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒவ்வொரு சுருதிக்கும் ஏறி இறங்க, ஒலியும் கூடவே சற்று ஏறி இறங்குகிறது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் இதற்கு இடமே கொடுக்காது.

வால்வு பவர் ஆம்பில் சக்தி போதாது என்கிறார். ஒற்றை 300பி வால்வு தருவது சுமார் 8 வாட்தான். ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர் அதில் திணறும், உண்மை. 95 டெசிபல் ஸ்பீக்கரோ அதே 8 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 104 டெசிபல் தரும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

ஆகவே முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள், பிறகு பவர் ஆம்பில் வால்வை வையுங்கள். அதற்கு மனமில்லையா? முழுக்க டிரான்சிஸ்டரிலேயே கேளுங்கள். ஒரு குறையும் வராது.