மின்மினிக்குப் பணம் வருகிறது, நமக்கு ஏன் வருவதில்லை?



கம்போங் குவாந்தானில் இரவுப் படகேறி மின்மினிப் பூச்சி பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பூச்சியையும் அது தங்கும் பெரெம்பாங் மரத்தையும் காக்க ஆய்வுகளும் கூட்டங்களும் நடக்கின்றன. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ராஜா மூசா சதுப்புக் காட்டை மீட்கும் வேலை 2008 முதல் நடக்கிறது. சிலாங்கூர் வனத்துறையோடு குளோபல் என்வைரன்மென்ட் சென்டர் என்ற அரசு சாரா இயக்கம் அதைச் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணமும் எச்.எஸ்.பி.சி. வங்கியின் பணமும் அதற்கு வந்திருக்கின்றன.

இதில் நமக்குப் பொறாமை இல்லை. 2005 ஆகஸ்டு 11-ஆம் தேதியை மறக்க முடியுமா? புகைமூட்டம் முற்றி, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரகாலம் பிரகடனமான நாள் அது. அன்று பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வந்த புகைதான். ஆனால் ராஜா மூசா காய்ந்து எரிந்தாலும் அதே புகைதான், அதே நம் பிள்ளைகளின் நெஞ்சுதான். காடு ஈரமாக இருந்தால் முதலில் பிழைப்பவர்கள் நாம்தான்.

நம் கேள்வி வேறு. காட்டைச் சுற்றி வாழும் மக்களையும் சேர்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம் என்று எல்லாத் திட்டங்களிலும் எழுதுகிறார்கள். அந்த மக்களில் செம்பனைத் தோட்டத்துத் தமிழன் இருக்கிறானா? உங்கள் தோட்டத்து ஆலயக் குழுவோ இளைஞர் மன்றமோ மாதர் குழுவோ அப்படி ஒரு பட்டியலில் வந்ததுண்டா? தேடிப் பாருங்கள்.

இதற்கு வெள்ளைக்காரன் நம்மை வெறுப்பது காரணமில்லை. பணம் வறுமையைப் பார்த்து வருவதில்லை. பதிவு எண், வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்கறிக்கை, எழுதிய திட்டம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் வருகிறது. கம்பத்துக்குத் தலைவர் இருக்கிறார், குழு இருக்கிறது, முகவரி இருக்கிறது. தோட்டம் கம்பெனியின் சொத்து. லயம் கம்பெனியுடையது, கால்வாயும் கம்பெனியுடையது. திட்ட அதிகாரி உள்ளே வர வேண்டுமானால் நிர்வாகியின் அனுமதி வேண்டும். தோட்டம் கைமாறினால் அந்த முகவரியும் போய்விடும். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்ட மக்கள் சொந்த வீட்டுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த கதை வட சிலாங்கூரில் யாருக்குத் தெரியாது? சொந்த முகவரி இல்லாதவனை எந்தக் காகிதத்தில் எழுதுவார்கள்?

வெளியார் உதவி நமக்குப் பயன்பட்ட கதையும் உண்டு. தோட்டத்தில் பாராகுவாட் மருந்தடித்த நம் பெண்களுக்கு நகம் உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. மறைந்த ஐரின் பெர்னாண்டஸின் தெனகானித்தாவும், பினாங்கிலிருந்து இயங்கும் அனைத்துலகப் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் அவர்களிடம் விசாரித்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவிலிருந்து பின்வாங்கியது. கடைசியில் 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! ஆனாலும் வந்தது. அதற்கு அடிப்படை என்ன? மருந்தடித்த பெண்களே வாய் திறந்து பேசினார்கள். வெளியார் அந்தக் குரலை உலகுக்கு எடுத்துச் சென்றார்கள். குரல் நம்முடையதாக இருந்தால் உதவியும் நமக்கு உதவும். குரலையும் அவர்களே எழுதிக்கொண்டால் நாம் படத்தில் மட்டும் இருப்போம்.

'வெளிநாட்டுப் பணம் வாங்கினால் நாட்டுத் துரோகம்' என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2012-இல் சுவாராம் மீது இப்படித்தான் பாய்ந்தார்கள். அமெரிக்காவின் ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம் அதற்குப் பணம் கொடுத்தது என்பதே புகார். அந்த நிதியத்துக்குப் பணம் ஒதுக்குவது அமெரிக்க நாடாளுமன்றம். ஆகவே, 'கொடுப்பவனுக்கு இதில் என்ன வேண்டும்?' என்று கேட்பதில் தவறில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை நம் வாயை அடைக்கப் பயன்படுத்தினால் ஏற்க முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள். 2025-இல் வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. உலகெங்கும் அதை நம்பியிருந்த இயக்கங்கள் தவித்தன. அடுத்தவன் பணம் அடுத்தவன் கையில்தான். அதை நம்பி இயக்கம் தொடங்கக் கூடாது. இயக்கம் தொடங்கிய பிறகு வந்தால் வாங்கலாம்.

ஆகவே என்ன செய்யலாம்?

முதலில் ஒரு சங்கமாகுங்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து, சங்கப் பதிவிலாகாவில் பதிந்து, மாதம் ஐந்து வெள்ளி சந்தா வைத்து, கணக்கை எல்லார் முன்னும் படியுங்கள். அந்தக் கணக்குப் புத்தகம்தான் உங்கள் அடையாள அட்டை.

இரண்டாவது, சிறிய உதவியைத் தேடுங்கள். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 2001 முதல் மலேசியாவில் இருக்கிறது. ஐ.நா. மேம்பாட்டுத் திட்டம் அதை நடத்துகிறது. ஊர்ச் சங்கங்களுக்கும் அரசு சாரா இயக்கங்களுக்கும் கொடுப்பதே அதன் நோக்கம். வாய்க்கால், குப்பை, மருந்து டின், காட்டுத் தீ எல்லாம் சுற்றுச்சூழல்தான். நம் பிரச்சனையைச் சுற்றுச்சூழல் என்று எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது, உங்கள் பெயரைச் சொல்லி யாராவது தோட்டத்துக்குள் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யாருடையது? மொத்தம் எவ்வளவு, அதில் எங்களுக்கு எவ்வளவு? அறிக்கையை எங்களிடம் படித்துக் காட்டுவீர்களா? வெள்ளைக்காரனோ மலாய்க்காரரோ நம் தமிழரோ, யார் வந்தாலும் இதே மூன்று கேள்விதான். நல்ல இயக்கம் கோபப்படாது.

மின்மினி மரத்தை விட்டு நகராமல் ஒன்றாக மின்னுவதால்தான் உலகம் அதைப் பார்க்கிறது. நாம் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தால் நம்மை யார் பார்ப்பார்கள்?

இந்த வாரமே நாலு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பெயரைப் பதியுங்கள்!